தொலைவைச் சொல்லும் ஒளி

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பே சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு தொடங்கிவிடும். தேக்கா நிலையத்தின் பக்கம் நின்றுகொண்டு, ஃபேரர் பார்க் செல்லும் திசையில் பாருங்கள். சாலையின் குறுக்கே வரிசையாக அலங்கார வளைவுகள் தெரியும். அவற்றில் ஒரே வகையான விளக்குகள்தாம் பொருத்தப்பட்டிருக்கும். ஆயினும், அருகில் உள்ள விளக்கு கண்ணைப் பறிக்கும். தொலைவில் உள்ள விளக்கு மங்கிய புள்ளியாகத் தோன்றும். தொலைவில் உள்ள விளக்கு மட்டமான விளக்கு என்று யாரும் எண்ணுவதில்லை. அது தள்ளி இருக்கிறது என்று மூளை தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

அந்தக் கணக்குக்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரு விளக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கும்போது நம்மை எட்டும் ஒளியை ஒரு பங்கு என்று கொள்வோம். அதே விளக்கை 20 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் கால் பங்கு ஒளிதான் வந்துசேரும். 30 மீட்டருக்குத் தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. தொலைவு எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் இருமடிப்படி ஒளி குறைகிறது. இதைத் திருப்பியும் போடலாம். விளக்கின் உண்மையான ஒளித்திறன் நமக்குத் தெரிந்திருந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை அளந்தே அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியும்.

வானியலாளர்கள் அண்டத்தின் தொலைவுகளை அளக்கப் பயன்படுத்தும் வழிகளுள் மிக முக்கியமானது இதுதான். ஆனால், அவர்களுக்கு ஒரே ஒளித்திறன் கொண்ட விளக்குகள் வேண்டும். மேலும், அவை பல கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்தும் தெரிய வேண்டும். சாதாரண விண்மீன் அதற்குப் போதாது. வெடிக்கும் விண்மீன் தேவை.

வெடிக்கும் விண்மீனைச் சூப்பர்நோவா என்பார்கள். அவற்றுள் '1ஏ' என்ற வகைதான் இந்தப் பாடத்துக்கு உரியது. எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன்களுள் பல, சுருங்கி வெண்குறு விண்மீன்கள் ஆகின்றன. அவை பூமியின் அளவே இருக்கும். ஆனால், அவற்றின் நிறை சூரியனின் நிறையோடு ஒப்பிடத்தக்கது. அத்தகைய விண்மீன் எவ்வளவு நிறையைத் தாங்கும்? இக்கேள்விக்கு விடை கண்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1910இல் பிறந்து, சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் புறப்பட்டபோது அவருக்கு 19 வயது. அந்தப் பயணத்தின்போதே கணக்கைத் தொடங்கிவிட்டார். வெண்குறு விண்மீனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்பது பின்னர் உறுதியாயிற்று. 'சந்திரசேகர் எல்லை' என்று உலகம் அதை அழைக்கிறது. 1983இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

அருகிலுள்ள இன்னொரு விண்மீனிடமிருந்து பொருளை இழுத்துக்கொண்டு இந்த எல்லையை நெருங்கும் வெண்குறு விண்மீன் வெடித்துச் சிதறலாம். இரண்டு வெண்குறு விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதியும் வெடிக்கலாம். எப்படி வெடித்தாலும், உச்சத்தில் அது பல பில்லியன் சூரியன்கள் சேர்ந்து தரும் ஒளியைத் தனியாகவே தருகிறது. சில வாரங்களில் மங்கிவிடுகிறது. 1ஏ வகை வெடிப்புகளின் ஒளித்திறன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவற்றுள் பிரகாசமானவை மெதுவாக மங்குகின்றன, மங்கலானவை விரைவாக மங்குகின்றன என்பதை 1993இல் மார்க் பிலிப்ஸ் என்ற வானியலாளர் எடுத்துக்காட்டினார். அதன் பிறகு, மங்கும் வேகத்தைப் பார்த்து ஒளித்திறனைத் திருத்திக்கொள்ள வழி பிறந்தது. வானியலாளர்கள் செய்யும் பல திருத்தங்களுள் இது முதலாவது.

ஒளியை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? பழங்காலக் கிரேக்கர்கள் விண்மீன்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்கள். மிகப் பிரகாசமானது முதல் வகுப்பு. கண்ணுக்கு அரிதாகத் தெரிவது ஆறாம் வகுப்பு. 1856இல் நார்மன் பாக்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் கணக்காக்கினார். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு வேறுபாடு என்று வரையறுத்தார். அப்படியானால் ஒரு படிக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு. எண் கூடினால் ஒளி குறைவு என்பது சற்று விந்தையான ஏற்பாடுதான். ஆனாலும், உலகம் முழுவதும் இன்றும் இதையே பயன்படுத்துகிறார்கள். இந்தப் பாக்சன் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். 1891இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஒளியின் அளவைப் பொறுமையாகக் குறித்துவைக்கும் வேலை நமக்கு ஒன்றும் புதிதன்று.

இந்த அளவுகோலில் 0.1 படி என்பது சிறிய எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 0.1 படி மங்கினால் ஒளியில் 9 விழுக்காடு குறைகிறது. அதைக் கொண்டு கணிக்கும் தொலைவு 5 விழுக்காடு அளவுக்குக் கூடிவிடுகிறது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது புறஊதாக் கதிருக்கு வருவோம். சிங்கப்பூரில் வாழும் நமக்குப் புறஊதாக் கதிர் அறிமுகமில்லாத ஒன்றன்று. தேசியச் சுற்றுப்புற வாரியம் நாள்தோறும் புறஊதாக் குறியீட்டை வெளியிடுகிறது. நண்பகலில் விளையாட்டுத் திடலுக்குப் போகும்போது தொப்பி அணியச் சொல்வதும் அதனால்தான். ஊதா நிறத்தைவிடக் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளி அது. நம் கண்ணுக்குத் தெரியாது.

தொலைவிலுள்ள சூப்பர்நோவாவை ஆராயப் புறஊதாக் கதிர் எதற்கு? காரணம், அண்டம் விரிந்துகொண்டிருக்கிறது. விரியும் வெளியில் பயணம் செய்யும் ஒளியின் அலையும் இழுத்த ரப்பர் பட்டையைப்போல் நீண்டுவிடுகிறது. அலைநீளம் கூடினால் நிறம் சிவப்பை நோக்கி நகரும். இதைச் செம்பெயர்ச்சி என்பார்கள். மிகத் தொலைவில் இருக்கும் ஒரு சூப்பர்நோவாவின் ஒளி இரண்டு மடங்கு நீண்டு நம்மை வந்தடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 300 நானோமீட்டர் அலைநீளத்தில் புறப்பட்ட புறஊதாக் கதிர், இங்கே 600 நானோமீட்டர் கொண்ட ஆரஞ்சு நிற ஒளியாக வந்துசேரும். தொலைநோக்கியில் ஆரஞ்சு ஒளியை அளக்கும் வானியலாளர் உண்மையில் அந்த விண்மீனின் புறஊதாக் கதிரையே அளக்கிறார்!

அதை எதனோடு ஒப்பிடுவது? நமக்கு அருகில் வெடித்த சூப்பர்நோவாவின் ஆரஞ்சு ஒளியோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். ஒருவரின் உயரத்தை இன்னொருவரின் எடையோடு ஒப்பிடுவது போன்றது அது. அருகில் வெடித்ததன் புறஊதாக் கதிரோடுதான் ஒப்பிட வேண்டும். செம்பெயர்ச்சியைக் கருத்தில் கொண்டு, புறப்பட்ட நிறத்துக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்வதை வானியலாளர்கள் 'கே திருத்தம்' என்று அழைக்கிறார்கள். இதற்கு, அருகிலுள்ள 1ஏ சூப்பர்நோவாக்களின் புறஊதா ஒளியளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால், 300 நானோமீட்டருக்குக் குறைவான புறஊதாக் கதிர்களை ஓசோன் படலம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. நம் தோலுக்கு அது நல்லது, வானியலாளருக்கு இடையூறு. ஆகவே, தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பினார்கள். 2004 நவம்பர் 20ஆம் நாள் நாசா ஏவிய 'ஸ்விஃப்ட்' துணைக்கோளில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள புறஊதாத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ஸ்விஃப்ட் என்பது உழவாரன் குருவியின் ஆங்கிலப் பெயர். அக்குருவியைப்போல் சட்டென்று திரும்பும் ஆற்றல் அதற்கு உண்டு. எங்கேனும் வெடிப்பு நிகழ்ந்ததாகச் செய்தி வந்தால் விரைவில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். இந்தியாவும் 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'அஸ்ட்ரோசாட்' துணைக்கோளை ஏவியது. அதிலும் புறஊதாத் தொலைநோக்கி உண்டு.

ஸ்விஃப்டுக்குக் கிடைத்த அரிய வாய்ப்புகளுள் ஒன்று 2011 ஆகஸ்ட் 24ஆம் நாள் வந்தது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 21 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்101 என்ற விண்மீன் திரளில் 1ஏ வகைச் சூப்பர்நோவா ஒன்று தென்பட்டது. வெடித்து ஒரு நாள்கூட ஆகாத நிலையிலேயே அதைக் கலிஃபோர்னியாவின் பாலோமர் வானாய்வகம் கண்டறிந்துவிட்டது. ஸ்விஃப்ட் உடனே அதை நோக்கித் திரும்பியது. அதன் பெயர் எஸ்என் 2011எஃப்இ. அண்மைக் காலத்தில் நமக்கு இவ்வளவு அருகில் 1ஏ வகை வெடிப்பு நிகழ்வது அரிது என்பதால், அதன் புறஊதா அளவுகள் ஒப்பீட்டுக்கு மிகவும் பயன்பட்டன.

அளவுகள் கிடைத்துவிட்டன, வேலை முடிந்ததா? உண்மையில் அங்கேதான் வேலை தொடங்குகிறது.

தொலைநோக்கியில் ஒளியை எண்ணும் கருவியின் முன்னால் வடிகட்டிகள் இருக்கும். ஒவ்வொரு வடிகட்டியும் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விட வேண்டும். தேநீர் வடிகட்டியில் சில நேரம் தூளும் சேர்ந்து இறங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்விஃப்டில் உள்ள மூன்று புறஊதா வடிகட்டிகளுள் இரண்டில் அதே சிக்கல். அவற்றின் வழியே கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சிறிதளவு கசிகிறது. இதைச் சிவப்புக் கசிவு என்று குறிப்பிடுகிறார்கள். புறஊதாக் கதிர்களை அள்ளி வீசும் சூடான இளம் விண்மீனைப் பார்க்கும்போது இந்தக் கசிவு பொருட்டே அன்று. 1ஏ சூப்பர்நோவாவின் கதை வேறு. அதன் வெளிப்பகுதியில் இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற தனிமங்கள் நிறைந்திருக்கின்றன. அவை புறஊதாக் கதிர்களை விழுங்கிவிடுகின்றன. உள்ளே வர வேண்டிய ஒளி குறைவு. வரக்கூடாத ஒளி ஏராளம். ஆகவே, சிறு கசிவும் பெரிதாகிவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கருவி 100 ஒளித்துகள்களை எண்ணியதாகக் கொள்வோம். அவற்றுள் 40 கசிவினால் வந்தவை. உண்மையான புறஊதாத் துகள்கள் 60 மட்டுமே. இதைக் கவனிக்காமல் 100 என்றே எழுதிவிட்டால், அருகில் இருக்கும் நம் 'விளக்கு' உண்மையைவிட 1.67 மடங்கு பிரகாசமானது என்று ஆகிவிடும். அதை அளவுகோலாக வைத்துத் தொலைவிலுள்ள சூப்பர்நோவாவைக் கணித்தால், அதன் தொலைவு 1.29 மடங்காகிவிடும். ஏறத்தாழ 30 விழுக்காடு தவறு!

'ஒவ்வொரு முறையும் 40ஐக் கழித்துவிட்டால் போதாதா?' என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. போதாது. வெடித்த சூப்பர்நோவா நாளுக்கு நாள் நிறம் மாறுகிறது. தொடக்கத்தில் புறஊதா கூடுதல். குளிரக் குளிர அது குறைந்து, கசிவின் பங்கு கூடுகிறது. ஒரு சூப்பர்நோவாவைப்போல் மற்றொன்று இருப்பதுமில்லை. ஆகவே, நிலையான எண் எதையும் கழிக்க இயலாது. அந்தந்த நாளில் அந்த விண்மீனின் நிறமாலை எப்படி இருந்தது என்பதை அறிந்து, வடிகட்டி ஒவ்வோர் அலைநீளத்தையும் எந்த அளவு உள்ளே விடும் என்பதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எண்ணும் கருவிக்கும் ஒரு குறை உண்டு. அது ஒளித்துகள்களை விநாடிக்கு ஏறத்தாழ 90 முறை பார்த்து எண்ணுகிறது. ஒரே நொடிப்பொழுதில் ஒரே இடத்தில் இரண்டு துகள்கள் வந்து விழுந்தால் ஒன்று என்றே பதிவாகும். விரைவு ரயில் நிலையத்தின் நுழைவாயிலில் இருவர் ஒட்டிக்கொண்டு நுழைந்தால் கருவி ஒருவராகக் கருதிவிடுவதைப்போல் இது நடக்கிறது. பிரகாசமான விண்மீன்களில்தான் இந்த இழப்பு அதிகம். இதற்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. பிறகு, சூப்பர்நோவா முற்றிலும் மங்கிய பின்பு அதே இடத்தை மீண்டும் படம் பிடித்து, பின்னணியில் உள்ள விண்மீன் திரளின் ஒளியைக் கழிப்பார்கள். இவையெல்லாம் பொறுமை இருந்தால் செய்துவிடக்கூடியவை.

பெரிய தொல்லை தூசியால் வருகிறது. 2013 ஜூன் மாதம் சிங்கப்பூரைச் சூழ்ந்த புகைமூட்டத்தைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அம்மாதம் 21ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அடுக்குமாடி வீடுகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. இத்தகைய புகைமூட்டத்தின் ஊடே பார்த்தால் சூரியன் மங்கியும் சிவந்தும் தோன்றும். புகைத் துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துவிடுவதால் சிவப்பு ஒளியே பெரும்பாலும் எஞ்சி வருகிறது. சூரியனின் ஒளித்திறனோ தொலைவோ மாறவில்லை. நடுவில் புகை நிற்கிறது, அவ்வளவுதான்.

விண்மீன்களுக்கு இடையிலும் இப்படித் தூசி உண்டு. ஒளி நம்மை வந்தடையும் முன் சூப்பர்நோவா இருக்கும் திரளின் தூசியையும் நம் பால்வீதியின் தூசியையும் கடக்க வேண்டும். புறஊதாவில் இந்த மறைப்பு மிக அதிகம். குறிப்பாக, 220 நானோமீட்டருக்கு அருகில் பால்வீதியின் தூசி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மங்கச் செய்வதைப்போல் மூன்று மடங்கு படிகள் மங்கச் செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி 0.1 படி மங்கினால் அங்கே 0.3 படி மங்கும். அதாவது, ஒளியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தொலைந்துபோகும். திருத்தாமல் விட்டால் தொலைவுக் கணக்கு 15 விழுக்காடு கூடிவிடும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கசிவுள்ள வடிகட்டிக்குத் தூசித் திருத்தத்தை எப்படிச் செய்வது? உள்ளே வந்தது உண்மையான புறஊதா என்றால் அதிகமாகத் திருத்த வேண்டும். கசிந்து வந்த ஒளி என்றால் குறைவாகத் திருத்த வேண்டும். எது எவ்வளவு என்பது நிறமாலையைப் பொறுத்தது. அந்த நிறமாலையையோ தூசியும் மாற்றியிருக்கிறது, செம்பெயர்ச்சியும் மாற்றியிருக்கிறது. ஆகவே, இத்திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே செய்ய முடியாது. சூப்பர்நோவாவின் மாதிரி நிறமாலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத் தூசியின் வழியாகவும் வடிகட்டியின் வழியாகவும் கணினியில் செலுத்தி, கிடைக்கும் எண்ணிக்கை கருவி எண்ணியதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தொலைவில் உள்ள 1ஏ சூப்பர்நோவாக்களை அளந்தன. அவை எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 0.25 படி மங்கலாக இருந்தன. தொலைவில் சொன்னால், எதிர்பார்த்ததைவிட 10 முதல் 15 விழுக்காடு தள்ளி இருந்தன. அண்டத்தின் விரிவு காலப்போக்கில் மெதுவாகும் என்றே அதுவரை பலரும் நம்பினார்கள். மாறாக, அது வேகமெடுக்கிறது என்று இந்த 0.25 படி சொன்னது. அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஒன்றுக்குக் 'கரும் ஆற்றல்' என்று பெயரும் வைத்தார்கள். சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகிய மூவரும் இதற்காக 2011இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

மேலே நாம் பார்த்த எண்களை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூசியால் 0.3 படி, கசிவால் 30 விழுக்காடு. கண்டுபிடிப்பு 0.25 படி. திருத்தத்தின் அளவு கண்டுபிடிப்பின் அளவைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்! 'அவை தொலைவில் இல்லை, தூசியால்தான் மங்கியிருக்கின்றன' என்று அன்று சிலர் ஐயம் எழுப்பியதில் நியாயம் இருந்தது. ஆனால், சாதாரணத் தூசி மங்கச் செய்வதோடு சிவக்கவும் செய்யும். அக்குழுக்கள் நிறத்தையும் அளந்திருந்தன. தொலைவில் இருந்தவை அந்த அளவுக்குச் சிவந்திருக்கவில்லை. மேலும், அவர்கள் பெரும்பாலும் சார்ந்திருந்தது நீல நிறத்தில் புறப்பட்ட ஒளியையே. இன்னும் தொலைவுக்குப் போகும்போதுதான் புறஊதாவைச் சார்ந்திருக்க நேர்கிறது.

அங்கே புதிய கேள்வி ஒன்று காத்திருந்தது. ஸ்விஃப்டின் அளவுகளை ஆராய்ந்தவர்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரே மாதிரி இருந்த 1ஏ சூப்பர்நோவாக்கள் புறஊதாவில் இரண்டு குழுக்களாகப் பிரிவதைக் கண்டார்கள். ஒரு குழுவில் புறஊதா கூடுதல், மற்றதில் குறைவு. அருகில் உள்ளவற்றில் புறஊதா குறைந்த குழுவே அதிகம் என்றும், தொலைவுக்குப் போகப் போக மற்றக் குழுவின் பங்கு கூடுகிறது என்றும் 2015இல் அவர்கள் எழுதினார்கள். சிராங்கூன் சாலையின் ஒரு முனையில் ஒரு வகை விளக்கும் மறுமுனையில் வேறு வகை விளக்கும் பொருத்தியிருந்தால் நம் தொலைவுக் கணக்கு என்ன ஆகும்? அண்டம் வேகமாக விரிவது உண்மையாகவே இருந்தாலும், அந்த வேகம் நாம் நினைத்ததைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. திருத்தங்களின்போதே இந்த வேறுபாடு பெருமளவு நீங்கிவிடும் என்று கருதுவோரும் இருக்கிறார்கள்.

சிலி நாட்டின் மலையொன்றில் அமைந்துள்ள வேரா ரூபின் வானாய்வகம் 2025இல் தன் முதல் படங்களை வெளியிட்டது. சில நாள்களுக்கு ஒருமுறை தென்வானம் முழுவதையும் படம் பிடிப்பது அதன் திட்டம். இதுவரை கண்டதைவிடப் பன்மடங்கு அதிகமான சூப்பர்நோவாக்கள் அதன் கண்ணில் படும். மிகத் தொலைவில் வெடிப்பவற்றின் புறஊதாக் கதிர், நீண்டு நிறம் மாறி அதன் கேமராவில் விழும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க, எஸ்என் 2011எஃப்இ போன்ற அண்டை வெடிப்புகளிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைநோக்கி எண்ணி வைத்த ஒளித்துகள்களின் கணக்கைத்தான் வானியலாளர்கள் மீண்டும் எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.